ரிப்போர்ட்டில் ‘மொசைக் டிரைசோமி, 25 சதவீதம்’ என்று இருந்தால்

கேள்வி இது: மூன்று மாதப் பெண் குழந்தை. பிறந்தபோது கண்களின் சாய்வையும் உள்ளங்கையில் ஒற்றை ரேகையையும் கவனித்த மருத்துவர் குரோமோசோம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் 20 செல்களை எண்ணியதாகவும், அவற்றில் 5 செல்களில் 21ஆம் குரோமோசோம் மூன்று இருந்ததாகவும், மீதி 15 செல்கள் சாதாரணமாக இருந்ததாகவும் போட்டிருக்கிறது. பக்கத்தில் ‘மொசைக் டவுன் சிண்ட்ரோம், 25 சதவீதம்’. (ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது டிரைசோமி; 21 அப்படி இருந்தால் டவுன் சிண்ட்ரோம்; ஒரே உடம்பில் இரண்டு வகை செல்கள் கலந்திருப்பது மொசைக்.) பெற்றோர் கேட்பவை: பாதிப்பும் கால் பங்குதானா? வளர வளர அந்த 25 கூடுமா? வேறு பரிசோதனை செய்ய வேண்டுமா? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?

நான் குரோமோசோம் லேபில் வேலை செய்பவன். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் இல்லை. அதனால் அந்த 25 எங்கிருந்து வந்தது என்பதில் இருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

குழந்தையிடம் எடுத்த ரத்தத்தை ஊட்டநீரில் போட்டு, உடம்பு சூட்டிலேயே சுமார் மூன்று நாள் வைத்திருப்போம். ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்ற ஒரு வகை மட்டும், அதுவும் நாம் தூண்டிவிட்டதால், பிரியத் தொடங்கும். பிரிகிற நடுக்கட்டத்தில் மருந்து போட்டு நிறுத்தி, செல்களை உப்ப வைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சிதறிக் கிடக்கும் 46 துண்டுகளைப் படம் எடுத்து, ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்குவோம். 21 கடைசி வரிசையில் வரும். குரோமோசோம்களிலேயே குட்டி அதுதான். (22 அதைவிடச் சிறியது என்று நினைத்து எண் வைத்துவிட்டார்கள். தப்பு பிறகு தெரிந்தது, எண்ணை மாற்றவில்லை.) ஒரு செல்லில் அந்த இடத்தில் இரண்டு இருக்கும், அடுத்த செல்லில் மூன்று இருக்கும். இப்படி 20 செல்களைப் பார்த்துவிட்டு ‘47,எக்ஸ்எக்ஸ்,+21[5]/46,எக்ஸ்எக்ஸ்[15]’ என்று எழுதுவோம். சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வகை செல்கள், சதுர அடைப்புக்குள் அவற்றின் எண்ணிக்கை. அவ்வளவுதான் அந்த வரி சொல்வது.

ஆக, உங்கள் 25 சதவீதம் என்பது மூன்று நாள் வளர்த்த ஒரே வகை ரத்த செல்லில் 20ஐப் பார்த்து எடுத்த கணக்கு. 20க்கு 5 என்று வந்தால், ரத்தத்தில் இருக்கும் உண்மையான விகிதம் சுமார் 9 சதவீதத்தில் இருந்து 49 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். அதே குழாய் ரத்தத்தில் இன்னொருவர் வேறு 20 செல்களை எண்ணினால் 3 வரலாம், 8 வரலாம். இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ரத்தத்தில் உள்ள விகிதம் மூளையிலும் இதயத்திலும் அப்படியே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. இந்தப் பானை சீராக வெந்த பானை இல்லை. கரு சில செல்களாக இருக்கும்போதே இரண்டு வகையும் கலந்துவிடுகின்றன. அதன்பிறகு எந்த செல் எந்த உறுப்பாகப் போகிறது என்பது பெரும்பாலும் தற்செயல். தோலில் 60 சதவீதமும் ரத்தத்தில் 5 சதவீதமும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளையில் இருந்து செல் எடுத்து எண்ண வழி கிடையாது. எனவே ‘கால்வாசி செல், அதனால் கால்வாசி பாதிப்பு’ என்ற கணக்கை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ரிப்போர்ட்டில் ‘லேசான வகை’ என்று சேர்த்து எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லேபுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

சரி, இரண்டு வகை செல் எப்படி வந்தது? இரண்டு வழி உண்டு. கருமுட்டையும் விந்தணுவும் சரியாகவே இருந்து, 46 குரோமோசோமோடு கரு தொடங்கி, பின்னால் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு குரோமோசோம் பங்கு பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவது ஒன்று. மற்றது எதிர்த்திசையில் நடப்பது: கரு தொடங்கும்போதே 47 இருக்கும், அப்புறம் சில செல்கள் கூடுதலான ஒன்றை இழந்துவிட்டு 46க்குத் திரும்பும். மொசைக் டவுனில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதுவானாலும் இது கருவின் ஆரம்ப நாட்களில் நடந்து முடிந்த விஷயம். கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு வேலை செய்தீர்கள், எங்கே பயணம் போனீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் இந்த வரியைக் காட்டுங்கள்.

வளர வளரக் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடுதல் குரோமோசோம் உள்ள செல் பக்கத்தில் இருக்கும் செல்லுக்கு அதைத் தொற்ற வைக்காது. மொசைக் டவுன் உள்ளவர்களுக்கு வயது ஏற ஏற ரத்தத்தில் டிரைசோமி செல்களின் விகிதம் குறைந்துகொண்டு வருவதுதான் அதிகம் பார்த்திருப்பது. சாதாரண செல்கள் சற்று வேகமாகப் பெருகுவது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஐந்து வருடம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து 8 சதவீதம் என்று வந்தால் ‘குணமாகிவிட்டது’ என்று சந்தோஷப்படுவார்கள். ரத்தம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அதேபோல விகிதத்தைக் குறைக்கும் மருந்து, வைட்டமின், பொடி என்று எதுவும் இல்லை. விற்பவர்கள் இருப்பார்கள்.

இனி குழந்தைக்கு இது எப்படி இருக்கும் என்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு எல்லா செல்லிலும் 21 மூன்றாக இருக்கும். 3 முதல் 4 சதவீதம் பேருக்குக் கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மொசைக் என்பது மீதமுள்ள 1 முதல் 3 சதவீதம். 21ஆம் குரோமோசோம்தான் காரணம் என்று தெரிந்தது 1959இல். இரண்டே வருடத்தில், 1961இல், முதல் மொசைக் குழந்தையைப் பற்றிய கட்டுரை வந்தது. அதன் தலைப்பே, டவுனின் சில அடையாளங்கள் உள்ள ஒரு புத்திசாலிக் குழந்தை என்றுதான் அவளைக் குறிப்பிட்டது. எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1991இல் வெளிவந்த ஒரு ஒப்பீட்டில் மொசைக் உள்ள 30 பேரின் சராசரி ஐக்யூ 64, முழு டிரைசோமி உள்ள 30 பேருக்கு 52. சராசரியில் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இரண்டு குழுவிலும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் பெரியது. மொசைக் உள்ளவர்களில் வழக்கமான பள்ளி, வேலை, திருமணம் என்று வாழ்ந்து, தனக்கு இப்படி இருப்பதே தெரியாமல் இருந்தவர்களும் உண்டு. முழு டிரைசோமி உள்ள குழந்தையிடம் இருந்து எந்த வித்தியாசமும் சொல்ல முடியாதவர்களும் உண்டு. உங்கள் மகள் இந்த நீளமான கோட்டில் எங்கே நிற்பாள் என்பதை அவள் கழுத்து நிற்பதும், உட்காருவதும், பேச்சு வருவதும்தான் சொல்லும். ரத்த ரிப்போர்ட் சொல்லாது.

21ஐ விட்டு மற்ற குரோமோசோம்களுக்குப் போனால் கதை இன்னும் மாறும். இதைப் படிக்கும் வேறு சில பெற்றோருக்கு அந்த எண்கள்தான் எழுதப்பட்டிருக்கும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

பெரும்பாலான குரோமோசோம்கள் எல்லா செல்லிலும் மூன்றாக இருந்தால் கரு பிழைக்காது, கருச்சிதைவாகிவிடும். மொசைக்காக இருந்தால் மட்டுமே குழந்தையாகப் பிறக்க முடியும். 8 அப்படிப்பட்டது. மொசைக் டிரைசோமி 8ஐ ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்: உள்ளங்கையிலும் பாதத்திலும் ஆழமான பள்ளங்கள் ஓடும். சாதாரண ரேகை மாதிரி இருக்காது. குழந்தையின் பாதத்தில் நீளவாக்கில் யாரோ விரலால் அழுத்தி இழுத்த மாதிரி, சதை இரண்டு பக்கமும் மெத்தென்று உப்பி நிற்கும். வளர வளர இந்தப் பள்ளம் மங்கிவிடுவதும் உண்டு. அதனால் பெரிய பிள்ளையாக இருந்தால் கைக்குழந்தைப் பருவப் படங்களைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. மூட்டுகள் முழுதாக நீளாதது, முழங்கால் சில்லு சிறுத்திருப்பது அல்லது இல்லாமலே இருப்பது, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பட்டை வளராதது ஆகியவை இதோடு சேர்ந்து வரலாம். அறிவுத்திறன் சாதாரணமாக இருப்பவர்களில் இருந்து கணிசமாகக் குறைந்தவர்கள் வரை பார்க்கலாம். எலும்பு மஜ்ஜை நோய்க்கும் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் ரத்த எண்ணிக்கையைக் கவனித்து வருவார்கள். ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: வயதானவருக்கு மஜ்ஜைப் பரிசோதனையில் ‘டிரைசோமி 8’ என்று வந்தால் அது பிறவியிலேயே வந்ததாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் மஜ்ஜையில் பின்னாளில் உருவான மாற்றம்; அது வேறு துறை, வேறு வைத்தியம்.

13, 18 மொசைக்கில் நிலைமை மிகவும் கடுமையான குழந்தைகளும் உண்டு, கிட்டத்தட்ட எதுவும் தெரியாதவர்களும் உண்டு. முழு டிரைசோமி 18 உள்ள குழந்தை பிறந்த பிறகு பரிசோதித்ததில் தாய்க்கே மொசைக் இருப்பது தெரியவந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 9, 22 அரிது. 22இல் உடம்பின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சிறுத்திருப்பதைப் பார்க்கலாம். 20 விசித்திரமானது. பனிக்குட நீரில் மொசைக் டிரைசோமி 20 என்று வரும், பெற்றோர் நடுங்கிப் போவார்கள். 10இல் 9 குழந்தைகளுக்கும் மேல் ஆரோக்கியமாகவே பிறக்கும். பிறந்த பிறகு ரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அந்த செல் கிடைக்கவே கிடைக்காது.

ரத்தத்தில் கிடைக்காமல் போவதற்கு இன்னொரு பாடப் புத்தக உதாரணம் பாலிஸ்டர்-கில்லியன் சிண்ட்ரோம். இதில் 12ஆம் குரோமோசோமின் குட்டையான பகுதி (அதைக் ‘குட்டைக் கை’ என்போம்) சில செல்களில் இரண்டுக்குப் பதில் நான்காக இருக்கும். ரத்தக் குரோமோசோம் பரிசோதனை பெரும்பாலும் ‘நார்மல்’ என்றே வரும். தோலில் இருந்து சிறு துண்டு எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். மருத்துவருக்குச் சந்தேகம் பலமாக இருந்து ரத்தம் நார்மல் என்று வந்தால் விஷயம் முடிந்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். 20 செல்லில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், 14 சதவீதத்துக்கு மேற்பட்ட மொசைக் இல்லை என்று மட்டுமே 95 சதவீத நிச்சயத்தோடு சொல்ல முடியும். 30 செல் பார்த்தால் அது 10 ஆகும், 50 பார்த்தால் 6. அதற்கும் கீழே தேட வேண்டுமென்றால் ஃபிஷ் என்ற முறையில் நூற்றுக்கணக்கான செல்களில் ஒரே குரோமோசோமை மட்டும் ஒளிரும் புள்ளியாக எண்ணலாம்; கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டி எடுத்த செல்லிலும் இதைச் செய்யலாம். செல்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் டிஎன்ஏவின் அளவை மொத்தமாகப் பார்க்கும் மைக்ரோஅரே பரிசோதனையில் பொதுவாக 10 முதல் 20 சதவீதத்துக்குக் கீழ் உள்ள மொசைக் நழுவிவிடும். தோலில் சுழல் சுழலாகவோ கோடு கோடாகவோ நிறம் மாறியிருந்தால், அல்லது ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருந்தால், ரத்தத்தோடு நிற்காமல் தோலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கோடுகள் கருவில் செல்கள் நகர்ந்த பாதையையே காட்டுகின்றன. அவற்றை 1901இல் பிளாஷ்கோ என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் வரைந்து காட்டினார்.

உங்கள் மகள் விஷயத்தில் தோல் பயாப்சி வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. தோலில் 10 என்று வந்தாலும் 70 என்று வந்தாலும் அவளுக்குச் செய்ய வேண்டியது மாறப் போவதில்லை. ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

செய்ய வேண்டியது, முழு டிரைசோமி 21 உள்ள குழந்தைக்கு என்னென்ன பார்ப்பார்களோ அத்தனையும்; விகிதம் குறைவு என்று எதையும் விடக்கூடாது. இதய எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். முழு டிரைசோமியில் பாதிக் குழந்தைகளுக்கு இதயக் குறை இருக்கும். மொசைக்கில் குறைவாக இருக்கலாம், ஆனால் இல்லை என்று ஊகிக்க முடியாது. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதும் போதாது. தைராய்டு பிறந்தபோதும், 6 மாதத்திலும், ஒரு வயதிலும், அப்புறம் ஆண்டுதோறும். காது கேட்கும் திறனையும் கண்ணையும் முதல் 6 மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காதுக்குள் நீர் கோர்த்துக் கேட்பது குறைந்தால் பேச்சு தாமதமாகும், அந்தத் தாமதத்தைக் குரோமோசோம் தலையில் கட்டிவிடுவார்கள்.

ரத்த எண்ணிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைசோமி 21 செல் இருக்கும் சில பச்சிளங் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் வாரங்களில் லுகேமியா போன்றே தோன்றும் ஒரு நிலை வரும். பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். இதில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு அடுத்த 4 வருடத்துக்குள் உண்மையான லுகேமியா வரலாம். பார்வைக்கு எந்த அடையாளமும் இல்லாத குழந்தைக்கு இந்த நிலை வந்து, அதைத் துருவியபோது மொசைக் டவுன் என்று தெரிந்ததும் உண்டு. உங்கள் மகளுக்குப் பிறந்தபோது ரத்த எண்ணிக்கை எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தேடிப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்கச் சொல்லுங்கள்.

பிசியோதெரபி, பின்னால் பேச்சுப் பயிற்சி எல்லாம் ‘தாமதம் தெரியட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்குவது நல்லது. தேவையில்லாமல் செய்த பயிற்சியால் ஒரு கெடுதலும் இல்லை.

கர்ப்பத்தின்போதே ‘மொசைக்’ என்று கேள்விப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயின் ரத்தத்தில் செய்யும் என்ஐபிடி பரிசோதனை ‘குழந்தையின் டிஎன்ஏ’ என்று சொல்லப்பட்டாலும் அது வருவது நஞ்சுக்கொடியில் இருந்து. நஞ்சுக்கொடித் திசுவை 10 முதல் 13 வாரத்தில் எடுத்துப் பார்க்கும் பரிசோதனைகளில் 1 முதல் 2 சதவீதத்தில் மொசைக் வரும். அவற்றில் பெரும்பாலானவற்றில் குழந்தையின் செல்கள் சாதாரணமாகவே இருக்கும், கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றிருக்கும். எனவே அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். நஞ்சுக்கொடியோடு நின்றாலும் சில நேரம் சும்மா இருக்காது. 16ஆம் குரோமோசோமாக இருந்தால் குழந்தையின் எடை ஏறாமல் போகலாம், தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறலாம், அதனால் அடிக்கடி ஸ்கேன் தேவை. 15ஆக இருந்தால் இன்னொரு கேள்வி உண்டு. மூன்றில் ஒன்றை இழந்து செல் சரியாகும்போது, தாயிடம் இருந்து வந்த இரண்டும் தங்கி, தந்தையுடையது போய்விட வாய்ப்பிருக்கிறது. எண்ணிக்கை 46 என்று சரியாகவே இருக்கும், ஆனால் பிராடர்-வில்லி சிண்ட்ரோம் (கைக்குழந்தையில் தசைத் தளர்ச்சி, பின்னால் அடங்காத பசி) வரும். அதற்குத் தனிப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும். சோதனைக்குழாய்க் கருவில் மொசைக் என்று சொல்லி ஒதுக்கப்படும் கருக்களைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு வேண்டாம்: 2015இல் ஒரு இத்தாலியக் குழு அப்படிப்பட்ட கருக்களை 18 பெண்களுக்கு வைத்ததில் 6 ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன.

கடைசியாக, அடுத்த குழந்தை. கூடுதல் 21 தனியாக இருக்கும் மொசைக் என்றால் மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழ். தாயின் வயதுக்கு உரிய வாய்ப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டில் ‘+21’ என்று மட்டும் இருந்தால் பெற்றோருக்குக் குரோமோசோம் பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படாது. ‘டிரான்ஸ்லொகேஷன்’ என்றோ ‘டெர்’, ‘ராப்’ என்றோ, அதாவது 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருப்பதைக் காட்டும் ஏதாவது எழுத்து இருந்தால் மட்டும் இருவரும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே பெற்றோருக்கு இரண்டு குழந்தைகள் டிரைசோமியோடு பிறந்தாலும் பார்க்க வேண்டும். அப்போது தாய் அல்லது தந்தையின் கருமுட்டை, விந்தணு உருவாகும் இடத்தில் மட்டும் மொசைக் ஒளிந்திருக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் என்ஐபிடியா, பனிக்குட நீரா, ஒன்றுமே வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் மரபணு ஆலோசகரோடு பேசி எடுக்கும் முடிவு. அந்தச் சந்திப்பில் இன்னொன்றையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்: மொசைக் டவுன் உள்ள பெண்களுக்குக் குழந்தை பிறக்கும். உங்கள் மகளுடைய கருமுட்டைகளிலும் சிலவற்றில் கூடுதல் 21 இருக்கக்கூடும் என்பதால், காலம் வரும்போது அவளுக்கு இந்த ரிப்போர்ட் தேவைப்படும். அசலைப் பத்திரமாக வையுங்கள், விவரம் தெரியும் வயதில் அவளிடமே சொல்லுங்கள்.